பேக்கைப் பாத்துக்கங்க

ஏனுங்க, இங்க உக்காரலாங்களா? நெழல் இங்க மட்டுந்தான் இருக்குது. நீங்க நகர வேண்டாம், அப்படியே இருங்க. ஏழு பேக்கா? ஓ, பையனும் மருமகளும் அவங்க ஆபீஸ் ஆளுங்களுமா. மொத பேட்ச்சுலயே போயிட்டாங்களா. அப்ப வர ரெண்டு மணி நேரம் ஆகுங்க. சேறு, தண்ணி, கயிறு, கம்பி, செவுரு, அத்தனையும் தாண்டி எட்டு கிலோமீட்டர் ஓடி வரணுமில்ல.

எனக்கு எட்டு அம்பது பேட்ச்சு. இன்னும் முக்கால் மணி நேரம் கெடக்குது. கணுக்கால்ல கட்டியிருக்கறதா? இது சிப்புங்க. எத்தனை நிமிஷம், எத்தனை செகண்டுல வந்தோம்னு சொல்லிரும். மனுசங்க சிரிச்சு மழுப்பலாம், இது மழுப்பாது. அதனாலதான் எனக்கு இதைப் புடிக்கும்.

அதோ, தண்ணி டேங்குக்குப் பக்கத்துல, கருப்பு பனியன் போட்டு, பச்சை ரிப்பன் கட்டிக்கிட்டு ஒருத்தி காலை நீட்டி மடக்கிக்கிட்டு இருக்கறா பாருங்க. ஒல்லியா, உசரமா. அவளைத் தோக்கடிக்கத்தான் நான் இன்னிக்கு வந்திருக்கறேன். மத்த நானூறு பேரு எனக்கு முன்னால போனாலும் சரி, பின்னால வந்தாலும் சரி. அவ ஒருத்தி மட்டும் என்ற முதுகைப் பாத்துக்கிட்டே ஓடி வரணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.

என்ற ஓரகத்திங்க. கொழுந்தன் பொண்டாட்டி. சுபாஷிணின்னு பேரு. நாங்க கீழ்வீடு, அவங்க மாடி. பாருங்க, கையாட்டறா. நானும் ஆட்டிக்கறேன். மனசுல இருக்கறதை வெளியில காட்டிக்கக் கூடாதில்ல.

நான் கணபதியில இட்லி மாவு அரைச்சு விக்கறவங்க. வீட்டுக்குப் பின்னால ரெண்டு பெரிய கிரைண்டர் போட்டுப் பதினாறு வருஷமாச்சு. பூங்கொடின்னு கேட்டா எங்க வீதியில ஒருத்தருக்கும் தெரியாது, மாவுக்கார அக்கான்னு கேட்டா வீடு வரைக்கும் கூட்டிட்டு வந்து விடுவாங்க. அவ கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்கறா. ஜிம்முக்குப் போவா. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்தே சோத்தைக் கப்புல அளந்துதான் திம்பா. அது அவ இஷ்டம். அதுலயெல்லாம் எனக்கு அவ மேல கோவம் கெடையாது.

கோவம் வந்தது ரெண்டு வருஷத்துக்கு முன்னால. இதே கிரவுண்டுல, இதே பந்தயத்துல. அவ ஆபீஸ்ல எட்டுப் பேரு சேந்து பேரு குடுத்திருந்தாங்க. வீட்டாளுங்களையும் கூட்டிட்டு வரலாம்னு சொல்லவும், நானும் எங்கூட்டுக்காரரும் கொழுந்தன் கார்ல வந்தோம். நான் புளிசாதம், தக்காளிசாதம், உருளைக்கெழங்கு வறுவல் எல்லாங் கட்டி எடுத்துட்டு வந்திருந்தேன். வந்து பாத்தா, எட்டுப் பேருல ஒரு ஆளுக்குக் காய்ச்சல், வரலை. ஒரு ஆள் கொறையுது, என்ன பண்றதுன்னு அவங்க பேசிக்கிட்டு இருக்கறாங்க. நான் பக்கத்துல நிக்கறேன். எனக்கு என்ன தோணுச்சோ தெரியல, அந்தக் கயிறையும் கம்பியையும் பாக்கப் பாக்கக் கை துறுதுறுன்னு இருந்துச்சு. நான் வேணா வரட்டுமான்னு கேட்டுப்போட்டேன். இப்ப நெனைச்சாலும் காது சூடாகுதுங்க.

அவ என்னைத் திரும்பிப் பாத்தா. மேலயிருந்து கீழ வரைக்கும் பாத்தா. அப்பறம் சிரிச்சுக்கிட்டே சொன்னா.

"அக்கா, நீங்க எதுக்கு சிரமப்படறீங்க? இதெல்லாம் உங்களால ஆகாது. பேக்கைப் பாத்துக்கங்க."

அவ்வளவுதான் சொன்னா. அதுக்குள்ள அவங்க ஆபீஸ் பையன் ஒருத்தன், அக்காவைச் செவுத்து மேல ஏத்தணும்னா கிரேன் வரணும்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. எங்கூட்டுக்காரரும் சிரிச்சாரு. அவரு சிரிச்சதை விடுங்க. ஆம்பளைங்க, நாலு பேரு சிரிச்சா அஞ்சாவதா நின்னு சிரிப்பாங்க. அதையெல்லாம் நான் மனசுல வெச்சுக்கல. கொஞ்சம் அதிக நேரம் சிரிச்சாரு. விடுங்க.

ஏழு பேரு பேக்கும் என்ற ரெண்டு சாப்பாட்டுப் பையுமா ஒம்போது பேக்கு. இந்தா, இதே மரத்தடியிலதான் உக்காந்திருந்தேன். நீங்க உக்காந்திருக்கறீங்களே, அந்த வேர் மேலதான்னு வெச்சுக்கங்க. மூணு மணி நேரம். ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்க முடியல. இங்கிருந்து பாத்தா அந்தச் செவுரு தெரியுதுங்களா? கடைசி வளைவுல, மஞ்சப் பலகை. எட்டடி. அதுல ஏற முடியாம ஒவ்வொருத்தனும் பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுச் சறுக்கி விழுவான். நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சுது. அவ சொன்ன வார்த்தை காதுலயே நிக்குது. உங்களால ஆகாது. உங்களால ஆகாது.

அப்பறம் வந்தாங்க. கழுத்துல மெடலு, மூஞ்சியெல்லாஞ் சேறு, ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் கை. போட்டோ புடிக்கறதுக்கு ஆள் வேணுமே. ஏழு போனு, ஏழு தடவை, நாந்தான் புடிச்சேன். நான் கட்டிட்டு வந்த சாப்பாட்டை அந்தச் சேத்துக் கையோடவே வாரித் தின்னாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவ சேத்துத் துணியை ஒரு கவர்ல போட்டுக் கொண்டாந்து குடுத்தா. எங்க மெஷின் ரிப்பேரு அக்கா, உங்க மெஷின்ல போட்டுருங்கன்னா. நான் மெஷின்ல போடல. துவைக்கற கல்லுல போட்டு அடிச்சேன். அடிச்ச அடியில அவ பனியன் தோள்கிட்ட கிழிஞ்சுது. பழைய துணி போலிருக்குது சுபான்னு சொல்லிட்டேன். வேணும்னுதான் அடிச்சேங்க. ஆனா அதுல மனசு ஆறல. ஒரு பனியனைக் கிழிச்சா ஆறற கோவமா அது?

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அடுத்த வருஷம் இதே செவுத்து மேல நான் உக்காந்திருக்கணும், அவ கீழ நின்னு ஏற முடியாம அண்ணாந்து பாக்கணும். அப்ப அவ சொன்னதை அவளுக்கே திருப்பிச் சொல்லணும். பேக்கைப் பாத்துக்க சுபா, இதெல்லாம் உன்னால ஆகாது. அப்படியே, அதே சிரிப்போட. கிரைண்டர் ஓடற சத்தத்துல யாருக்குக் கேக்கப்போகுது, தெனமும் சொல்லிப் பாப்பேன். மெதுவாச் சொல்லிப் பாப்பேன், சத்தமாச் சொல்லிப் பாப்பேன். ஒரு வருஷம் அரைச்ச மாவுல பாதிக்கு மேல என்ற வஞ்சம் கலந்திருக்கும். இட்லி நல்லாத்தான் வந்துச்சுன்னு சொன்னாங்க.

என்கிட்ட மாவு வாங்கற பொண்ணு ஒருத்தி, ஷமீனான்னு. இருபத்தஞ்சு வயசு இருக்கும். மூடிக் கெடக்கற மில்லு ஒண்ணோட குடோனை வாடகைக்கு எடுத்து, இந்த மாதிரி பந்தயத்துக்குப் போறவங்களுக்கு அங்க பயிற்சி குடுக்கறா. அவகிட்டப் போய், எனக்கு ஒருத்தியைத் தோக்கடிக்கணும் கண்ணு, ஒரு வருஷம் இருக்குதுன்னேன். யாரைங்கக்கான்னு கேட்டா. அது உனக்கெதுக்குன்னேன். சிரிச்சுட்டு, மொதல்ல இந்தக் கம்பியைப் புடிச்சுத் தொங்குங்கன்னா.

அப்ப நான் எம்பத்தோரு கிலோ. தொங்கினேன். முப்பத்தெட்டு செகண்டு. ஷமீனா வாட்சைப் பாக்கறா, என்னைப் பாக்கறா. புதுசா வர்றவங்க பதினஞ்சுல விழுந்துருவாங்களாம். என்ற கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, என்ன வேலை அக்கா பாக்கறீங்கன்னு கேட்டா, என்னவோ நான் மாவு அரைக்கறது அவளுக்குத் தெரியாத மாதிரி. குழவிக்கல்லுங்க. பதினாறு வருஷமா மாவோட வழுக்கற கல்லைத் தூக்கித் தூக்கிக் கழுவற கையில்ல. புடி விட்டா கால் வெரல் போயிரும். அதனால புடி விடாது. அது ஒரு பெரிய வித்தைன்னு எனக்கு அன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆனா ஓடச் சொன்னா, குடோன் வாசல் வரைக்கும் ஓடறதுக்குள்ள நாக்குத் தள்ளிருச்சு.

ஏனுங்க, கையை மூடி மூடித் தொறந்து பாக்கறீங்க? மரத்துப் போச்சா? பேக்கை மடியில வெச்சிருந்தா அப்படித்தான் ஆகும். கீழ வெய்ங்க.

வீட்ல சொல்லல. விடியக்காலை அஞ்சு மணிக்குப் பிள்ளையார் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்பிருவேன். எங்கூட்டுக்காரரு எந்தக் கோயிலுன்னு ஒரு நாளும் கேக்கல. ஒரு வருஷம் கேக்கல. பதினொரு கிலோ எறங்கினேன், அதுவுங் கேக்கல. நல்லதாப் போச்சு. கேட்டிருந்தாப் பொய் சொல்லணும்.

நான் சந்தோஷத்துக்குப் போனேன்னு நெனைச்சுக்காதீங்க. அங்க வர்றவங்க சில பேரு அப்படிச் சொல்லுவாங்க, மனசு லேசாகுது, ஒடம்பு நம்ம பேச்சைக் கேக்குதுன்னு. எனக்கு அதெல்லாம் கெடையாது. நான் போனது வஞ்சம் தீக்க. குரங்குக் கம்பின்னு ஒண்ணு இருக்குதுங்க, ஒரு கம்பியில இருந்து அடுத்த கம்பிக்குக் கைமாத்திக் கைமாத்திப் போறது. நாலு மாசம் மூணாவது கம்பியில விழுந்தேன். ஒரு நாள் என்னமோ, பன்னெண்டு கம்பியும் போயிட்டேன். அந்தப் பக்கம் எறங்கி நிக்கறேன், கண்ணுல தண்ணி கொட்டுது, சிரிப்பும் வருது. அங்க இருந்த பொம்பளைங்க எல்லாம் கைதட்டினாங்க. அது வேற ஒண்ணுமில்லைங்க, சரி, பன்னெண்டும் போயாச்சு, இனி அவ செத்தான்னு ஒரு திருப்தி.

மழை பேஞ்ச ஒரு நாளு, கம்பிவலைக்கு அடியில சேத்துல படுத்து ஊந்து போகச் சொன்னா ஷமீனா. எந்திரிச்சுப் பாத்தா ஒருத்தருக்கும் மூஞ்சி தெரியல, பல்லு மட்டுந்தான் தெரியுது. பேங்க் மேனேஜரம்மா ஒருத்தங்க, நர்சு ஒருத்தங்க, நானு. யாரு யாருன்னே தெரியல. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு புடிச்சுக்கிச்சு. அப்படிச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சோ. ஆனாலும் அதுவும் சேறு பழகணும்னு படுத்ததுதான். சக்கரை மாத்திரையை டாக்டரம்மா பாதியாக் கொறைச்சாங்க. அது அவங்க கெட்டிக்காரத்தனம்.

இதுல ஷமீனா ஒரு வேலை பண்ணிப்போட்டா. அதைச் சொன்னாத்தான் உங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும். அவ குடோன்ல பலகை அடிச்சு எட்டடிச் செவுரு ஒண்ணு வெச்சிருக்கறா. ஓடி வந்து, ஒரு காலைச் செவுத்துல வெச்சு எம்பி, விளிம்பைப் புடிச்சு, முழங்கையை மேல போட்டு ஏறணும். அதுக்கு அவ ஒரு சட்டம் வெச்சிருந்தா. மேல ஏறினவங்க உடனே அந்தப் பக்கம் குதிக்கக் கூடாது. திரும்பி, பின்னால வர்றவங்களுக்கு ஒரு கை குடுத்து ஏத்தி விட்டுட்டுத்தான் குதிக்கணும். பின்னால யாரும் இல்லைன்னாலும் திரும்பிக் கையை நீட்டிட்டுத்தான் குதிக்கணும். மறந்து குதிச்சா, திரும்ப மொதல்ல இருந்து. நானும் செஞ்சேன். வாரத்துக்கு நாலு நாளு, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. ஏறு, திரும்பு, கை நீட்டு, குதி. அது எனக்கு வெச்ச ஆப்புன்னு அப்பத் தெரியல.

போன வருஷம் வந்துச்சு பந்தயம். சுபா அவ ஆபீஸ் ஆளுங்களோட முன்னாடியே வந்துட்டா. நான் எங்கூட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு பஸ்ல வந்தேன். எங்கன்னு அவருக்குச் சொல்லல, ஒரு விசேஷம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். கிரவுண்டுல சேலையை மாத்திட்டு, டீசர்ட்டும் பேண்டும் போட்டு, நெஞ்சுல நம்பரைக் குத்திக்கிட்டு வந்து அவரு முன்னால நின்னேன். வாயைத் தொறந்தவரு மூடல. என்ற பேக்கை அவரு மடியில வெச்சு, இதைப் பாத்துக்கங்கன்னேன். அது எனக்கு ஒரு கைப்புடி சக்கரை தின்ன மாதிரி இருந்துச்சு. ஏன்னு தெரியல, அவரு மேல எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னேனில்ல.

ஓட்டம் ஆரம்பிக்கற கோட்டுக்கிட்டப் போனா, அவ பாத்துட்டா. "அக்கா, நீங்களா? அப்ப பேக்கை யாரு பாத்துக்குவாங்க?" அப்படின்னா. பாத்தீங்களா திமிரை? சொல்ல வேண்டியதைச் செவுத்து மேல உக்காந்து சொல்லிக்கலாம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

மொத மூணு கிலோமீட்டர் அவ எங்கயோ போயிட்டா, கண்ணுக்கே தெரியல. நான் விடல. மணல் மூட்டை தூக்கற எடம் வந்துச்சு. இருபது கிலோ மூட்டையைத் தோள்ல போட்டு மேடு ஏறி எறங்கணும். எனக்கு அது ஒரு வேலையா? அரிசி மூட்டையை மாடிப்படியில ஏத்தறவ நானு. அங்க மட்டும் முப்பது பேரைத் தாண்டினேன். கயிறு ஏறினேன், மணியடிச்சேன். குரங்குக் கம்பியில ஆம்பளைங்க பொத்து பொத்துன்னு தண்ணியில விழறாங்க, நான் போயிக்கிட்டே இருக்கறேன். வழியில நின்னவங்க அம்மா சூப்பர், அம்மா சூப்பர்னு கத்தறாங்க. எனக்கு யாரும் தேவைப்படல. அன்னிக்கும் அவ தலையில கட்டியிருந்த பச்சை ரிப்பன் ஒண்ணுதான் தேவைப்பட்டுச்சு.

கடைசி வளைவுல திரும்பறேன், செவுரு. செவுத்துக்குக் கீழ பச்சை ரிப்பன்.

என்ற குலசாமி கண்ணைத் தொறந்துருச்சுன்னு நெனைச்சேன். அவளுக்குக் கையில தெம்பு போயிருச்சு. ரெண்டு தடவை எம்பி ரெண்டு தடவையும் விழுந்துட்டா. மூணாந்தடவை விழுந்தா தண்டனைக் கட்டத்துக்குப் போயி முப்பது தடவை படுத்து எந்திரிச்சுக் குதிக்கணும். முழங்கால்ல ரத்தம். அழற மாதிரி நிக்கறா. நான் ஓடின ஓட்டத்துலயே ஒரு எம்பு. விளிம்பு கையில. முழங்கை மேல. காலைத் தூக்கிப் போட்டு உக்காந்துட்டேன். எட்டடி ஒசரத்துல. கிரேன் இல்லாம.

கீழ பாத்தேன். அண்ணாந்து பாக்கறா. நான் ஒரு வருஷமா எப்படி நெனைச்சுப் பாத்தேனோ, அச்சு அசலா அப்படியே இருக்குது. வெயிலு கூட அப்படியே அவ மூஞ்சியில அடிக்குது. வசனம் தொண்டை வரைக்கும் வந்துருச்சு. சிரிக்கணும், சொல்லணும், குதிக்கணும். அவ்வளவுதான் வேலை.

வாயைத் தொறந்தேன். என்ன வந்துச்சுன்னு நெனைக்கறீங்க?

"கையைக் குடு. காலைச் செவுத்துல வை. கீழ பாக்காத, என்னைப் பாரு."

குனிஞ்சு பாக்கறேன், என்ற கை ஏற்கனவே கீழ நீட்டிக்கிட்டு இருக்குது. நான் நீட்டலைங்க. சத்தியமா நான் நீட்டல. ஏறு, திரும்பு, கை நீட்டு, குதி. ஒரு வருஷம் பழகின கை, அதுபாட்டுக்கு நீட்டிருச்சு. அவ பாஞ்சு புடிச்சுக்கிட்டா. அப்ப விட்டிருக்கலாம். விட்டிருக்கணும். ஆனா நான்தான் சொன்னேனே, புடி விட்டுப் பழக்கமில்லாத கை. ஒரே இழுப்பு. மேல வந்துட்டா.

வந்தவ சும்மா இருந்தாளா? குதிச்சா, ஓடினா. கடைசி முந்நூறு மீட்டர்ல என்னைத் தாண்டிப் போயிட்டா. பதினொரு செகண்டு. பதினொரே செகண்டு, சிப்புல பாத்தேன். என்ற கையைப் புடிச்சு ஏறி வந்து என்னையே தோக்கடிச்சுட்டா. ஓடி முடிச்சதும் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழறா, அக்கா நீங்க இல்லேன்னா நான் முடிச்சிருக்க மாட்டேன், நீங்க இப்படின்னு எனக்குத் தெரியவே தெரியாதுன்னு. எனக்கு அவ அழுகையும் வேண்டாம், கட்டிப்புடிக்கறதும் வேண்டாம். மூச்சு வாங்கறது நின்னதும் நேராக் கேட்டேன். அன்னிக்கு இதே எடத்துல எல்லாரு முன்னாலயும் என்னைய ஒரு வார்த்தை சொன்னியே, ஞாபகமிருக்குதான்னு.

அவ முழிச்சா. நெசமாலுமே முழிச்சா. நடிப்பு இல்ல, நடிப்புன்னா எனக்குத் தெரியும்.

"நான் என்னக்கா சொன்னேன்?"

அதைக் கேட்டதும் எனக்கு வந்துச்சு பாருங்க, மொதல்ல வந்த கோவமெல்லாம் கோவமே இல்ல. நான் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளு அந்த வார்த்தையை மென்னு முழுங்கி, அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, பதினொரு கிலோ எறங்கி, கையெல்லாங் காப்புக் காச்சு நிக்கறேன். சொன்னவளுக்கு அது ஞாபகத்துலயே இல்ல. வாயில இருந்து விழுந்ததும் அவளுக்கு அது முடிஞ்சு போச்சு. ஒரு மனுசியைக் குத்திட்டு, குத்தினதே தெரியாம இருக்கறது எவ்வளவு பெரிய பாவம், நீங்களே சொல்லுங்க. தெரிஞ்சு குத்தினவளைக் கூட மன்னிச்சரலாம். இவளை எப்படி மன்னிக்கறது?

அதனாலதான் இந்த வருஷமும் வந்தேன்.

இந்த ஒரு வருஷமா அவளும் ஷமீனாகிட்டத்தான் வர்றா. என்ற ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்துதான் வர்றா. சமாதானமாயிட்டோம்னு நெனைக்காதீங்க. எதிராளி என்ன பழகறான்னு நமக்குத் தெரியணுமில்ல, அதுக்காகக் கூட்டிட்டுப் போறேன். கையில புடிமானம் பத்தலைன்னு, நாந்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை குழவிக்கல்லைத் தூக்கிக் கழுவச் சொல்லிக் குடுத்தேன். பின்ன, அவ பலமில்லாம தோத்தா எனக்கு என்ன பெருமை? நல்ல தெம்பா இருக்கும்போது தோக்கணும். போன மாசம் அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப மூணு நாளு கஞ்சி வெச்சுக் குடுத்தேன். அதுவும் அதுக்குத்தான். அவ வரலைன்னா நான் யாரைத் தோக்கடிக்கறது?

இந்தத் தடவை திட்டம் பலமா இருக்குது. செவுத்து மேல ஏறினதும் வலது கையை இடது கையால புடிச்சுக்குவேன். புடிச்சுக்கிட்டே சொல்லுவேன். வசனத்தை முழுசாச் சொல்லிட்டுத்தான் குதிப்பேன். இந்தத் தடவை அவளுக்கு மறக்காது. என்னங்க சிரிக்கறீங்க? கையைப் புடிச்சுக்கிட்டா அந்தப் பக்கம் எப்படிக் குதிப்பேன்னா? அது நான் பாத்துக்கறேன்.

மைக்குல கூப்பிடறாங்களா? எட்டு அம்பதா? ஆமாங்க, எங்களைத்தான். அதோ அவளே வர்றா பாருங்க, டேப்பை எடுத்துக்கிட்டு. என்ற வெரலுக்குச் சுத்தி விடறதுக்கு. எல்லாம் நடிப்பு. இந்தா வர்றேன் சுபா, ஒரு நிமிஷம்.

இந்த வருஷம் எங்கூட்டுக்காரரு வரலைங்க. முட்டி வலின்னு சொல்லிட்டாரு. அதனால என்ற பேக்குக்குத்தான் ஆளில்லாம இருக்குது. ஏழோட எட்டா வெச்சுக்கறீங்களா? உள்ள போனும் மாத்துத் துணியுந்தான். புளிசாதம் இருக்குது, பசிச்சா எடுத்துக்கங்க.

என்னது? ஷமீனா நம்பரா? யாருக்குங்க, மருமகளுக்கா?

உங்களுக்கா?

அட, நல்லாக் கேட்டீங்க போங்க. உங்களுக்கு என்ன, அம்பத்தஞ்சு இருக்குமா? அறுபதா? சிரிப்புக் காட்டாதீங்க. அந்தச் செவுத்தைப் பாத்தீங்களில்ல? நீங்க எதுக்கு சிரமப்படறீங்க? இதெல்லாம் உங்களால ஆகாது. பேக்கைப் பாத்துக்கங்க, நான் ஒன்றரை மணி நேரத்துல வந்துருவேன்.

வர்றனுங்க.

ஏனுங்க, எதுக்கு என்னை அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன சொன்னேன்?